பனிச்சரிவு

இமயத்தில் மலையேறப் போனவர்கள் ‘பனிச்சறுக்கில் சிக்கினர்’ என்று தொலைக்காட்சியில் எழுத்து ஓடியது. பனிச்சறுக்கு ஒரு விளையாட்டு. ஆளைப் புதைப்பது பனிச்சரிவு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வீரர்கள் 10 பேர் அதில்தான் புதைந்தார்கள், தமிழகத்துப் பிள்ளைகளும் சேர்த்து. அத்தகைய செய்தியில் விளையாட்டின் பெயர் வரவே கூடாது. சொல்லின் முதல் பாதி பனி. தாம்பரத்தில் மார்கழி விடியலில் குல்லா மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களுக்குப் பனி என்றால் புல்நுனி ஈரமும் மூட்டமும்தான். பழந்தமிழில் அது குளிர், நடுக்கம், கண்ணீர். முன்பனி, பின்பனி என்று பருவமும் ஆனது. சரிவு எனக்கு மிகப் பிடித்த பாதி: சாய்ந்த தரையும் சரிவு, அது பெயர்ந்து விழுவதும் சரிவு. பனி பெரும்பாலும் பெயர்வது 30 முதல் 45 பாகைச் சாய்வில் என்பதால் இரண்டு பொருளும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘அவலாஞ்ச்’ ஆல்ப்ஸ் மலைப் பேச்சிலிருந்து பிரெஞ்சுக்குப் போன சொல். கீழே இறங்குவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினை ஒன்றின் சாயலும் அதில் படிந்தது. நீலகிரியின் அவலாஞ்சிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது 19-ம் நூற்றாண்டில் சரிந்த மண். இன்று அதை நிலச்சரிவு என்போம்.