தேனியும் நியூ மெக்சிகோவும்: தொலைமருத்துவத்தின் இரு வழிகள்

தொலைமருத்துவம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கைபேசித் திரையில் தெரியும் டாக்டரின் முகம்தான். கொரோனா காலத்தில் அது பலருக்குக் கைகொடுத்தது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை வீடு தேடி வந்ததும் 2020இல்தான். ஆனால் டாக்டரே எட்டாத ஊர்களில் ஊன்றி நின்ற முயற்சிகளைப் பார்த்தால், நோயாளியின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறது. இதை இரண்டு முயற்சிகளைக் கொண்டு பார்க்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் திறந்துவரும் பார்வை மையங்கள் ஒன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டம் மற்றொன்று.

இரண்டுமே தங்கள் தோல்வியை நேர்மையாக அளந்து பார்த்தவர்களிடமிருந்து பிறந்தவை. 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், பல்லாண்டுகளாக ஊர் ஊராக இலவசக் கண் முகாம்களை நடத்திவந்தது. 1990களில் அதன் மருத்துவர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு, முகாம் பக்கத்திலேயே நடந்தும் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வரவில்லை என்று காட்டியது. ஒரு நாள் வந்து போகிற முகாமால் ஆகாது, நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். நியூ மெக்சிகோவில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் நோயாளிகள் ஆல்புகெர்க்கி நகரத்தில் இருந்த அரோராவின் கிளினிக்குக்கு 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்துகூட வந்தார்கள். முதல் சந்திப்புக்கே எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சிலருக்குக் கல்லீரல் கைமீறிப் போயிருக்கும்.

பார்வை மையத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கடைத்தெருவில் ஓரிரு அறைகள். உள்ளே ‘சிஸ்டர்’ என்று எல்லோரும் அழைக்கும் ஓர் இளம்பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து அரவிந்த் உருவாக்கியவர்களில் ஒருவர். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறார், கண்ணாடி பவர் பார்க்கிறார், ஸ்லிட் லேம்பில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணின் முன்பகுதியைப் பார்க்கிறார், அழுத்தம் அளக்கிறார். எல்லாவற்றையும் கணினியில் பதிந்த பிறகுதான் மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரைக்கு வருகிறார். அவர் நோயாளியோடு பேசுவது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடம் போதுமானதாக ஆவது சிஸ்டர் முன்பே செய்து வைத்த வேலையால். வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணாடியோடோ சொட்டு மருந்தோடோ அங்கேயே வேலை முடிந்துவிடும். புரை முற்றியவர்கள் மட்டும் அறுவைக்குப் போகிறார்கள்.

தேனிப் பகுதியில் அமைந்த இந்த மையங்களை இணைக்கத் தொடக்க காலத்தில் நம்பகமான இணையம் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு கட்டடத்துக்குள் இயங்கும்படி உருவான வைஃபையைத் திசை ஆன்டெனாக்கள் வழியே பல கிலோமீட்டருக்கு நீட்டினார்கள். அந்த இணைப்பைப் பாடாய்ப் படுத்தியது பெரும்பாலும் மின்சாரம்தான். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் கருவிகள் கெட்டுப்போயின. கிராமத்துக்குத் தொழில்நுட்பம் கொண்டுபோகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது என்று நினைக்கிறேன்.

எக்கோவில் நோயாளி திரைக்கே வருவதில்லை. வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் சிற்றூர்களின் மருத்துவர்களும் செவிலியர்களும் சிறை மருத்துவர்களும் வீடியோவில் கூடுகிறார்கள். ஒருவர் தன் நோயாளியின் பெயரைச் சொல்லாமல் நிலையைச் சொல்கிறார்: இத்தனை வயது, சிகிச்சையின் இத்தனையாவது வாரம், ஹீமோகுளோபின் இவ்வளவு இறங்கிவிட்டது, மருந்தைக் குறைக்கலாமா? கல்லீரல் நிபுணர், மருந்தியல் வல்லுநர், மனநல மருத்துவர் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்களும் அதைக் கேட்டுக் கற்கிறார்கள். ஹெபடைடிஸ் சிக்கு அன்று தரப்பட்ட இன்டர்ஃபெரான் சிகிச்சை ஓராண்டு வரை இழுக்கும். ரத்தசோகையும் மனச்சோர்வும் கூடவே வரும். பொது மருத்துவர்கள் அதைத் தொடவே அஞ்சினார்கள். 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு 407 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. பல்கலைக்கழக நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதம் பேருக்கு வைரஸ் நீங்கியது. எக்கோ வழியே ஊர் மருத்துவர்களிடமும் சிறைகளிலும் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகள் ஊர்ப்பக்கம் குறைவாகவே இருந்தன. நோயாளியை அன்றாடம் அறிந்தவர் பக்கத்திலேயே இருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆக, அரவிந்த் இணைப்பு வழியே அனுப்புவது நோயாளியின் கண்ணை. எக்கோ அனுப்புவது நிபுணரின் அறிவை. அரவிந்தில் முடிவெடுப்பவர் கடைசிவரை தூரத்து டாக்டர்தான். எக்கோவில் முடிவெடுக்கும் பொறுப்பு மெல்ல ஊர் மருத்துவரிடம் இறங்குகிறது. ஒவ்வொன்றும் தனக்கேற்ற நோயைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. கண்ணில் பார்ப்பதே பாதி நோயறிதல். கண்ணாடியா, மருந்தா, அறுவையா என்று அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிடலாம். வாரக்கணக்கில் மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டிய நோய்க்கு அது போதாது.

குறைகளும் உண்டு. பார்வை மையம் ஒரே நிறுவனத்தையும் ஒரே உறுப்பையும் நம்பி நிற்கிறது. கண் வலி என்று வந்தவருக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் அவர் வேறு வாசலைத்தான் தேட வேண்டும். எக்கோவுக்கு ஊரில் முதலில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும், அவர் அங்கே நிலைக்கவும் வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் இளம் மருத்துவர்கள் மேற்படிப்புக்கோ இடமாற்றலிலோ கிளம்பினால், கற்றதும் அவர்களோடு கிளம்பிவிடும். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதல் மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் எக்கோ முறையைப் பயன்படுத்திவருகிறது. அதற்கும் இதே சவால் உண்டு.

தமிழ்நாட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்டால், கண்ணுக்கு அரவிந்த் வழியே போதும் என்பேன். இன்று நூற்றுக்கு மேற்பட்ட மையங்கள் அதற்குச் சாட்சி. ஆனால் நம் கிராமங்களை அரித்துக்கொண்டிருக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எக்கோவின் வழிதான் வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அத்திட்டத்தின் தன்னார்வலப் பெண்கள் ரத்த அழுத்தம் பார்த்துக் குறிக்கும் எண் ஏறினால், மருந்தை மாற்றத் தெரிந்த, கேட்டுத் தெளிய ஒரு நிபுணர் குழு உள்ள மருத்துவர் அருகிலேயே இருக்க வேண்டும். அப்படி ஒரு மருத்துவரை உருவாக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். கணினி வாங்குவது எளிது. ஆளைப் பயிற்றி நிலைக்க வைப்பதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கும்.

உங்கள் ஊரில் தொலைமருத்துவ மையம் திறப்பதாக அறிவிப்பு வந்தால், கிராம சபையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நோயாளியின் பக்கத்தில் உட்காரப்போவது யார்? அவருக்கு எத்தனை மாதப் பயிற்சி? அவர் வேறு ஊருக்குப் போனால் அடுத்தவர் எப்போது வருவார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.