குடலுக்குள் குடியேறிய காவல்

பண்ணை மீனுக்கு நோய் வந்தால் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. கலந்த மருந்தில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து போகும். அதில் சாகாமல் தப்பிய கிருமிகள் அடுத்த முறை அதே மருந்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. வேறு வழி தேடவேண்டிய கட்டாயம் அங்கேதான் வந்தது.

உயிருள்ள நல்ல பாக்டீரியாவைக் கொடுக்கும் புரோபயாட்டிக்தான் அந்த வழி. அதன் வேர் பழையது. பல்கேரியக் கிராமத்தார் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலின் பாக்டீரியாவே காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மெச்னிகாஃப். அந்த எண்ணம் மீன் பண்ணைக்கு வந்துசேர ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர் கொசாசா, பேசில்லஸ் டோயோய் என்ற பாக்டீரியாவின் வித்துகளை மஞ்சள்வால் மீனின் தீவனத்தில் சேர்த்தார். மீன்கள் நன்றாக வளர்ந்தன. வித்தைத் தேர்ந்ததில்தான் சூட்சுமம். தீவனக் குருணை தயாரிக்கும் சூட்டையும் வயிற்று அமிலத்தையும் அது தாங்கும். குடலுக்குள் போய் முளைக்கும்.

ஆனால் கோழிக்குத் தீவனத்தில் நல்ல பாக்டீரியா சேர்ப்பதுபோல மீனுக்குச் செய்தால் மட்டும் போதாது. மீன் வாழும் தண்ணீரிலேயே கிருமியும் பெருகுகிறது. குஞ்சு வாய் திறந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீர் குடலுக்குள் போய்வருகிறது. அதனால் குடலோடு தண்ணீரையும் நல்ல பாக்டீரியாவின் வசம் ஆக்கவேண்டும். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவை ஈக்வடாரின் இறால் பொரிப்பகங்கள். இறால் குஞ்சுகளைக் கொல்பவை விப்ரியோ இனக் கிருமிகள். 1992 இறுதியில் அதே இனத்தைச் சேர்ந்த, தீங்கு செய்யாத விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் வகையைப் பெருக்கித் தொட்டிகளில் விட்டார்கள். இடத்தையும் உணவையும் அது முந்திப் பிடித்துக்கொள்ள, கொல்லும் வகைக்கு இடமில்லாமல் போயிற்று. 1991-க்கும் 1994-க்கும் இடையில் அங்கே ஆன்டிபயாட்டிக் பயன்பாடு 94 சதவீதம் குறைந்ததாகப் பதிவு இருக்கிறது. மீன்வளர்ப்பில் புரோபயாட்டிக் உண்மையாகப் பிறந்தது இங்கேதான் என்பேன்.

1995-இல் ஆய்வாளர்கள் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் மனிதக் குடலை வைத்து ப்ரீபயாட்டிக் என்ற கருத்தை முன்வைத்தார்கள்: உண்பவருக்குச் செரிக்காமல், குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு மட்டும் இரையாகும் பொருள். இனுலின் என்ற தாவர நார்ப்பொருளும் ஈஸ்ட் செல்சுவரின் சர்க்கரைகளும் இந்த நோக்கோடு மீன் தீவனத்தில் சேர்க்கப்பட்டன. புரோபயாட்டிக்குக்கும் சட்ட ஏற்பு வந்தது: 2009-இல் சால்மன் வகை மீன்களுக்கும் இறாலுக்கும் பீடியோகாக்கஸ் பாக்டீரியாவைத் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளித்தது.

நம் கடலோரக் குளங்களிலும் இன்று புரோபயாட்டிக் பாக்கெட்டுகள் கொட்டப்படுகின்றன. இது நோய் வருமுன் இடம்பிடிக்கும் காவல். சாவு தொடங்கிய பிறகு கொட்டினால் பணம்தான் கரையும். வாங்கும்போது எந்த பாக்டீரியா, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ளவை, காலாவதி என்றைக்கு என்று பாருங்கள். இந்த மூன்றும் அச்சிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.