ஸ்விண்டனின் லெஃப்ட் பேக்: ஜான் ட்ரோலப்பும் ஒரே கிளப்பில் கழிந்த ஆட்ட வாழ்க்கையும்

ஜான் ட்ரோலப் 1960-லிருந்து 1980 வரை ஸ்விண்டன் டவுன் அணிக்காக 770 லீக் ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் ஒன்றுகூட முதல் டிவிஷன் ஆட்டம் அல்ல. இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களிலேயே லெஃப்ட் பேக்காக நின்று அவர் சேர்த்த இந்த எண்ணிக்கை, ஒரே கிளப்புக்காக ஒருவர் ஆடிய மிகுதியான லீக் ஆட்டங்கள் என்ற சாதனையாக நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நின்றது. இங்கிலாந்துக் கால்பந்து வரலாற்றில் இதை விசுவாசத்தின் சின்னமாகப் பேசுவது வழக்கம். விசுவாசம் இருந்தது உண்மைதான். ஆனால் ஓர் ஆட்டக்காரர் இருபது ஆண்டுகள் ஒரே இடத்தில் இருப்பதற்கு அவர் மனம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அன்றைய ஒப்பந்த விதி, ஊதிய முறை, ஆட்ட அட்டவணை, தடுப்பாட்டக்காரருக்குச் சந்தையில் இருந்த மதிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

இவற்றுள் மிகப் பழையது ஒப்பந்த விதி. 1888-இல் பன்னிரண்டு கிளப்புகளோடு தொடங்கிய கால்பந்து லீக், 1893-இல் ஆட்டக்காரர் பதிவு விதியை இறுக்கியது. ஓர் ஆட்டக்காரர் ஒரு கிளப்பில் பதிவு செய்துகொண்டால், அந்தக் கிளப் விடுவிக்காமல் அவர் லீகின் வேறெந்த கிளப்புக்கும் ஆட முடியாது. ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தப் பிடி தளராது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கிளப் தன் பட்டியலை வெளியிடும்: யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விற்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்று. முடிவெடுக்கும் உரிமை முழுக்கக் கிளப்பின் கையில் இருந்தது. 1901-இல் இதன்மேல் ஊதிய வரம்பும் ஏற்றப்பட்டது. வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் தரக்கூடாது என்பது விதி. அது மெல்ல மெல்ல உயர்ந்து 1958-இல் 20 பவுண்டை எட்டியது. பெரிய கிளப்புக்குப் போனாலும் சட்டப்படி அதே உச்சவரம்புதான் என்னும்போது, ஊதியத்துக்காக ஊர் மாறும் தூண்டுதல் குறைவாகவே இருந்தது.

கீழ்நிலை லீகுகள் 1920-இல் உருவெடுத்தன. தெற்கு லீகின் முன்னணிக் கிளப்புகளைச் சேர்த்து மூன்றாம் டிவிஷன் அமைந்தது. ஸ்விண்டன் டவுனும் அந்தத் தொகுப்பில் வந்தது. மறு ஆண்டே வடக்குப் பிரிவு ஒன்று சேர, மூன்றாம் டிவிஷன் தெற்கு, வடக்கு என இரண்டானது. 1950-இல் இவ்விரு பிரிவுகளும் தலா 24 அணிகளாக விரிந்தன; அதாவது ஒரு பருவத்துக்கு 46 ஆட்டங்கள். மேல் டிவிஷன்களில் 42-தான். 1958-இல் வட்டாரப் பிரிவை நீக்கி, மூன்றாம் டிவிஷன், நான்காம் டிவிஷன் என நாடு தழுவிய அடுக்குகளாக மாற்றினார்கள். 46 என்ற எண் மட்டும் அப்படியே தங்கியது. நீண்ட ஆட்டக் கணக்குகள் கீழ்நிலை லீகுகளிலேயே பிறந்ததற்கு இது எளிய, ஆனால் பெரும்பாலும் கவனிக்கப்படாத காரணம். 770 ஆட்டங்கள் என்பது 46 ஆட்டப் பருவத்தில் ஏறத்தாழ 17 முழுப் பருவங்கள். இன்றைய பிரீமியர் லீகின் 38 ஆட்டப் பருவத்திலோ இருபதுக்கும் மேல்.

ட்ரோலப்புக்கு முன்பே இந்த மண்ணில் அப்படிப்பட்ட தடுப்பாட்டக்காரர்கள் விளைந்திருந்தார்கள். ட்ரான்மியர் ரோவர்ஸின் ஹரால்ட் பெல் 1946-லிருந்து 1955 வரை ஓர் ஆட்டமும் தவறாமல் 401 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். அத்தனையும் மூன்றாம் டிவிஷன் வடக்கில். போர்ட் வேலின் ராய் ஸ்ப்ரோசன் 1950-லிருந்து 1972 வரை ஒரே கிளப்பில் இருந்து ஏறத்தாழ 760 லீக் ஆட்டங்களில் இறங்கினார். அவர் இடம்பெற்ற போர்ட் வேல் அணி 1953–54 பருவத்தில் 46 லீக் ஆட்டங்களில் 21 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்து வடக்குப் பிரிவை வென்றது; அதே ஆண்டு எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதிவரை போய் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் 2–1 என்று தோற்றது. மூன்றாம் டிவிஷன் அணி ஒன்று கோல் அடிக்கும் திறமையால் புகழ் பெறுவதைவிட, கோல் விடாத உறுதியால் புகழ் பெறுவது அபூர்வம். போர்ட் வேல் அதைச் செய்தது.

ட்ரோலப் 1943-இல் ஸ்விண்டனை ஒட்டிய ராட்டன் என்ற ஊரில் பிறந்தவர். ஸ்விண்டன் ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் நகரம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சின்கள் அங்கேதான் உருவாயின. வெளியாட்களை விலைக்கு வாங்கப் பெரும்பணம் இல்லாத ஸ்விண்டன் டவுனின் மேலாளர் பெர்ட் ஹெட், உள்ளூர்ப் பையன்களையும் சுற்று வட்டாரத்துப் பையன்களையும் திரட்டி அணி கட்டினார். மைக் சம்மர்பீ, எர்னி ஹன்ட், டான் ராஜர்ஸ் எல்லாரும் அந்த வரிசையில் வந்தவர்கள். ட்ரோலப்பை 1960 ஆகஸ்டில், 17 வயதில், முதல் அணியில் இறக்கினார் ஹெட்.

ட்ரோலப்பின் முதல் பருவம் பாதியைக் கடந்த நேரத்தில் இங்கிலாந்துக் கால்பந்தின் பொருளாதாரம் மாறியது. ஜிம்மி ஹில் தலைமையிலான ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்து நெருக்க, 1961 ஜனவரியில் ஊதிய வரம்பு நீக்கப்பட்டது. ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுண்டு வாங்கும் முதல் ஆட்டக்காரர் ஆனார். இரண்டாண்டு கழித்து, நியூகாஸில் யுனைடெட்டின் பிடியை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்தவரைக் கட்டிவைக்கும் விதி நியாயமற்ற தொழில் தடை என்று தீர்ப்பளித்தார். ஆனால் கிளப்புகளுக்கிடையே கைமாறும் கட்டணம் ஒழியவில்லை. விரும்பிய கிளப்புக்குப் போகும் உரிமைக்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த மாற்றங்களின் பலன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. ஸ்விண்டனின் கதையிலேயே இது தெளிவாகத் தெரிகிறது. 1963-இல் அந்த இளம் அணி வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு உயர்ந்தது. 1965-இல் கீழே இறங்கியது. பெர்ட் ஹெட்டும் வேலை இழந்தார். சம்மர்பீ மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார், ஹன்ட் வுல்வர்ஹாம்ப்டனுக்குப் போனார். பின்னாளில் ராஜர்ஸும் ஹெட் மேலாளராக இருந்த கிரிஸ்டல் பேலஸுக்கே விற்கப்பட்டார். கோல் அடிப்பவருக்கும் கோலுக்கு வழி செய்பவருக்கும் பெரிய கிளப்புகள் பணத்தோடு வந்தன. லெஃப்ட் பேக் அங்கேயே நின்றார். சிறிய கிளப் ஒன்று தன் முன்கள வீரர்களை விற்றுப் பிழைக்கும்; தன் பின்களத்தை நம்பி நிற்கும். ஒரே கிளப்பில் நீண்ட காலம் ஆடியவர்களின் வரிசையில் தடுப்பாட்டக்காரர்கள் அடர்ந்திருப்பதற்கு இதைவிட உறுதியான விளக்கம் கிடைப்பதில்லை.

ஆனால் இந்த விதிகள் ஒருவரைத் தங்கவைக்குமே தவிர, ஆடவைக்காது. ஒவ்வொரு பருவ முடிவிலும் கிளப் விட்டுவிட்டவர்களின் பட்டியல் நீளமாகவே இருந்தது. அந்தப் பட்டியலில் இருபது ஆண்டுகள் தன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டது ட்ரோலப்பின் சொந்த உழைப்பு. 1961 ஏப்ரல் முதல் 1968 ஆகஸ்ட் வரை அவர் தொடர்ச்சியாக 368 லீக் ஆட்டங்கள் ஆடினார். குளிர்காலத்தில் மைதானங்கள் சேறாகும். 1965 வரை மாற்று ஆட்டக்காரருக்கு விதியில் இடமே இல்லை. ஆட்டத்தின் நடுவே காயம் பட்டால் அணி பத்துப் பேரோடு ஆடி முடிக்க வேண்டும். பின்னாலிருந்து விழும் தட்டுக்கால் அன்றைய விங்கர்களுக்கும் பேக்குகளுக்கும் அன்றாடம். இந்தச் சூழலில் ஏழு ஆண்டுகள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை என்பது 770 என்ற மொத்தக் கணக்கைவிடவும் வியப்பானது. 1968 ஆகஸ்டில் கை எலும்பு முறிந்தபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது.

அவர் காலத்தில் லெஃப்ட் பேக்கின் வேலையும் மாறியது. 1950-களின் அமைப்பில் எதிரணியின் ரைட் விங்கரை ஒட்டி நிற்பதே அவருக்கு விதித்த கடமை; கோட்டருகே அவரை மறித்துப் பந்தை வெளியே தள்ளினால் போதும். நால்வர் பின்வரிசை பரவிய பிறகு, நடுவில் நிற்பவருக்குத் துணையாக உள்ளே நகரவும், இடம் கிடைத்தால் பக்கவாட்டில் முன்னேறவும் வேண்டியதாயிற்று. ஸ்விண்டனில் ட்ரோலப்புக்கு முன்னால் இடது ஓரத்தில் ஆடியவர் டான் ராஜர்ஸ். பந்து காலில் பட்டதும் எதிரணியின் கோலை நோக்கிப் பாயும் விங்கர் அவர். அப்படிப்பட்டவர் பாய்ந்துபோன இடத்தில் ஏற்படும் வெற்றிடத்தைக் காப்பது பின்னால் இருப்பவரின் பொறுப்பு. ராஜர்ஸ் சுதந்திரமாக ஓடியதற்குப் பின்னே 3-ஆம் எண் சட்டைக்காரரான ட்ரோலப்பின் நிதானம் இருந்தது.

இந்த இடது ஓரக் கூட்டணியின் உச்சம் 1969 மார்ச் 15 அன்று வெம்ப்லியில் நடந்த லீக் கோப்பை இறுதி ஆட்டம். கை தேறித் திரும்பியிருந்த ட்ரோலப், மூன்றாம் டிவிஷன் ஸ்விண்டனின் பின்வரிசையில் இடம் பெற்றார். எதிரே முதல் டிவிஷனின் ஆர்சனல். மழையாலும், சில மாதங்களுக்கு முன் அங்கே நடந்த குதிரைக் கண்காட்சியாலும் மைதானம் குழைந்து கிடந்தது. ஆர்சனல் ஆட்டக்காரர்கள் பலர் ஃப்ளூ காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார்கள். ஆர்சனல் பின்களத்துக்கும் கோல் கீப்பர் பாப் வில்சனுக்கும் இடையே நேர்ந்த குழப்பத்தில் ரோஜர் ஸ்மார்ட் முதல் கோலை அடித்தார். அதன் பிறகு ஸ்விண்டனின் பெரும்பாடு பின்களத்துக்குத்தான். கோல் கீப்பர் பீட்டர் டவுன்ஸ்பரோவும் அவருக்கு முன்னால் நின்றவர்களும் ஆர்சனலின் தாக்குதலை 86-ஆம் நிமிடம் வரை தாங்கினார்கள். பாபி கூல்ட் அப்போது சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே ராஜர்ஸ் இரண்டு கோல்கள் அடித்தார். இரண்டாவது, மைதானத்தின் பாதியிலிருந்து தனியே ஓடி, வில்சனை ஏமாற்றிக் கடந்து வலைக்குள் தள்ளியது. 3–1. அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் இந்த ஓட்டத்தில்தான் தொடங்கி முடிக்கிறார்கள். ஸ்விண்டன் கூடுதல் நேரம்வரை ஆட்டத்தில் நின்றது பின்களத்தின் சாதனை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

லீக் கோப்பையை வென்றவருக்கு ஐரோப்பிய ஃபேர்ஸ் கோப்பையில் இடம் உண்டு, ஆனால் முதல் டிவிஷன் அணிக்கு மட்டும். 1967-இல் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு நேர்ந்தது போலவே ஸ்விண்டனுக்கும் கதவு மூடியது. இழப்பீடு போல ஏற்பாடான ஆங்கில-இத்தாலிய ஆட்டத்தில் ரோமா அணியிடம் ரோமில் 2–1 என்று தோற்ற கையோடு ஸ்விண்டனில் 4–0 என்று வென்றார்கள். 1970-இல் ஆங்கில-இத்தாலியக் கோப்பை இறுதியில் நேப்பிள்ஸில் ஸ்விண்டன் 3–0 என்று முன்னணியில் இருந்தபோது பார்வையாளர்கள் கலவரம் செய்ய, ஆட்டம் பாதியில் நின்றது. கோப்பை ஸ்விண்டனுக்கே கிடைத்தது. லீகிலும் 1969-இல் வாட்ஃபோர்டுக்கு இணையாக 64 புள்ளிகள் பெற்று இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினார்கள்.

1974-இல் மீண்டும் இறக்கம். ட்ரோலப் தங்கினார். 1978-இல் அரசின் எம்.பி.இ. விருது வந்தது, இளையோர் பயிற்சிப் பொறுப்பும் வந்தது. ஆனாலும் தேவை ஏற்பட்டபோது மறுபடி சட்டை மாட்டி இறங்கினார். போர்ட்ஸ்மத்தின் ஜிம்மி டிக்கின்சன் வைத்திருந்த 764 ஆட்டச் சாதனையை இப்படித்தான் கடந்தார். 1981-இல் அதே கிளப்பின் மேலாளர் ஆனார். அந்தப் பொறுப்பு அவருக்கு வாய்க்கவில்லை: 1982-இல் ஸ்விண்டன் முதன்முறையாக நான்காம் டிவிஷனுக்கு விழுந்தது, அடுத்த ஆண்டு அவர் நீக்கப்பட்டார். இருபது ஆண்டு ஆடியவருக்கு இரண்டே ஆண்டுப் பொறுமையைத்தான் மேலாளர் நாற்காலி தந்தது.

ட்ரோலப் ஆட்டத்தை முடிக்கும் நேரத்திலேயே அவரை உருவாக்கிய உலகம் கலையத் தொடங்கிவிட்டது. 1978-இல் ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய கிளப்புக்குப் போகலாம் என்றானது. கட்டணத்தில் உடன்பாடு இல்லையென்றால் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும். 1995 டிசம்பரில் பெல்ஜிய ஆட்டக்காரர் ஷான்-மார்க் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் கட்டணத்தையும் அறுத்தது. இடையில் 1992-இல் பிரீமியர் லீக் தனியே பிரிய, கீழ்நிலைக் கிளப்புகளின் வருமானம் பின்தங்கியது. குறுகிய ஒப்பந்தங்கள், அடிக்கடி இடமாற்றம் என்பதே வழக்கமானது. ட்ரோலப்பின் மகன் பால், நடுக்கள ஆட்டக்காரர், வேல்ஸ் நாட்டுக்கே ஆடியவர். டார்க்கி, டெர்பி, ஃபுல்ஹாம், நார்தாம்ப்டன், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று சுற்றி வந்தார். ரைட் பேக் கிரஹாம் அலெக்ஸாண்டர் ஸ்கன்தார்ப், லூட்டன், பிரஸ்டன், பர்ன்லி ஆகிய நான்கு கிளப்புகளில் ஆடி 2011-இல் 1,000 ஆட்டங்களைக் கடந்தார். பிரீமியர் லீகில் முதல் ஆட்டம் ஆடும்போது அவருக்கு வயது 37. புதிய காலத்தில் நீண்ட ஆட்ட வாழ்க்கைக்குப் பல ஊர்கள் தேவைப்பட்டன.

ஆகவே 770 இனி எட்ட முடியாதது என்ற எண்ணம் வலுப்பட்டிருந்தது. அதைப் பொய்யாக்கியவரும் லெஃப்ட் பேக்தான். டீன் லூயிங்டன் விம்பிள்டனில் தொடங்கி, அந்தக் கிளப் மில்டன் கீன்ஸுக்கு இடம் பெயர்ந்து எம்.கே. டான்ஸ் ஆன பிறகு அதிலேயே நிலைத்தார். ஒரே ஒரு பருவம் நீங்கலாக அவருடைய எம்.கே. டான்ஸ் வாழ்க்கை முழுதும் லீக் ஒன், லீக் டூ என்ற மூன்றாம், நான்காம் அடுக்குகளிலேயே கழிந்தது. 2014-இல் லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4–0 என்று வீழ்த்திய அணியில் அவரும் இருந்தார். ட்ரோலப்பைக் கட்டிய விதிகள் எதுவும் லூயிங்டனைக் கட்டவில்லை. ஒவ்வொரு ஒப்பந்த முடிவிலும் கட்டணமின்றி வெளியேறும் உரிமை அவருக்கு இருந்தது. மாறாமல் இருந்தவை 46 ஆட்ட அட்டவணையும், இடது பின்களமும், கீழ்நிலை லீகும்தான். 2023 டிசம்பரில் அவர் ட்ரோலப்பின் 770-ஐக் கடந்தார். 2025-இல் ஓய்வு பெற்றார்.