கண்ணாடியும் காடியும்

வீட்டுச் சாளரங்களின் வெளிப்புறக் கண்ணாடியில் படியும் புழுதியையும் வெண்கறையையும் போக்குவதற்கென்று நீலநிறத் திரவமொன்று குப்பிகளில் அடைத்து விற்கப்படுகிறது. அதை விலைகொடுத்து வாங்காமலே, அடுக்களையிலுள்ள காடியையும் தண்ணீரையும் கலந்து அவ்வேலையைச் செவ்வனே முடித்துக்கொள்ளலாம் என்பதை இல்லத்தரசியர் பலர் அறிவர். ஆனால் இந்தக் காடி பற்றியும், சவுக்காரம் பற்றியும், துடைக்கப்படும் கண்ணாடி பற்றியும் நம் முன்னோர்கள் எவ்வளவு ஆராய்ந்து எழுதிவைத்துள்ளார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திலர். மதரஸாவில் ஓதுகிற மாணவனும் தூய்மை பற்றிய பாடத்தை விரைந்து கடந்து, 'இவையெல்லாம் இக்காலத்துக்கு எதற்கு?' என்று நினைக்கிறான். அந்த எண்ணம் சரிதானா என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

அரபு மொழியில் 'கலா' என்னும் வினைச்சொல்லுக்கு வறுத்தல், பொரித்தல் என்று பொருள். உவர்நிலத்தில் முளைக்கும் சில செடிகளை எரித்துப் பெறும் சாம்பலை அரபியர் 'அல்கலீ' என்றனர். இன்று வேதியியல் நூல்களில் காரப்பொருள்களைக் குறிக்கும் 'ஆல்கலி' என்னும் சொல் அதன் மருவேயாகும். அச்செடிகளுள் ஒன்று 'உஷ்னான்'. நம் தென்கடற்கரையின் உப்பளங்களை ஒட்டி வளரும் உமரிச் செடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்தச் சாம்பலை மணலோடு சேர்த்து உருக்கினால் கண்ணாடி கிடைக்கும். சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தை மிகுத்து, எண்ணெயோடு காய்ச்சினால் சவுக்காரம் கிடைக்கும். ஆகவே கண்ணாடியும் அதனைக் கழுவும் சவுக்காரமும் ஒரே சாம்பலின் பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சவுக்காரத்தைக் கண்டுபிடித்தவர்களே முஸ்லிம்கள்தாம் என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. இது வரலாற்றுக்கு ஒவ்வாத பேச்சு. அரபியர் வழங்கும் 'சாபூன்' என்ற சொல்லே இலத்தீன் மொழியின் 'சாப்போ'விலிருந்து வந்தது. கி.பி. 79இல் மறைந்த ரோமானிய அறிஞர் பிளினி, கொழுப்பையும் சாம்பலையும் கொண்டு கால் நாட்டவர் அதைச் செய்ததாக எழுதியுள்ளார். கண்ணாடியும் அவ்வாறே, இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எகிப்தியரும் ஷாம் நாட்டவரும் அதில் கைதேர்ந்திருந்தனர். இல்லாத பெருமையைச் சுமத்திக்கொள்வதால், உண்மையாகவே உள்ள பெருமையும் ஐயத்துக்கு இடமாகிவிடுகிறது.

உண்மையான பெருமை எது? ரோமானியர் காலத்துக் கண்ணாடி எகிப்தின் நத்ரூன் ஏரிகளில் கிடைத்த இயற்கை உப்பை நம்பியிருந்தது. ஹிஜ்ரி 2, 3ஆம் நூற்றாண்டுகளில் அந்த உப்பின் வரத்துக் குறைந்தபோது, ஷாம், இராக் நாட்டுத் தொழிலாளர் செடிச்சாம்பலுக்கு மாறினர். அப்பாஸியர் காலத்து ரக்கா நகரில் இத்தொழில் பெரிய அளவில் நடந்ததை அகழாய்வுகள் காட்டியுள்ளன. மாற்றம் எளிதாக அமைந்துவிடவில்லை. பலஸ்தீனத்தில் பெய்த் ஷெஆரிம் என்னுமிடத்தில் ஏறத்தாழ 9 டன் எடையுள்ள கண்ணாடிப் பாளமொன்று உருக்கிய இடத்திலேயே கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அதில் சுண்ணாம்பின் அளவு மிகுந்துவிட்டதால் அது பயன்படாமற் போயிற்று. இத்தகைய இழப்புகளையும் தாங்கித்தான் அத்தொழிலாளர் தேர்ச்சி பெற்றனர். பின்னர் ஷாம் நாட்டுக் கண்ணாடிக்கு இருந்த மதிப்பை 1277ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்று காட்டுகிறது. அந்தியோக்கியாவின் சிலுவைப்போர் வம்சத்து இளவரசருக்கும் வெனிஸ் நகர ஆட்சித் தலைவருக்கும் இடையே எழுதப்பட்ட அதில், உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஏற்றிச் செல்வதற்குரிய வரியும் குறிக்கப்பட்டிருந்தது. உடைசலுக்கே வரி! உலகப் புகழ்பெற்ற வெனிஸ் கண்ணாடிக்கும் ஷாமின் செடிச்சாம்பலே கப்பல்களில் சென்றது. 1791இல் பிரான்சு நாட்டு லெபிளாங்க் சமையல் உப்பிலிருந்து சோடா உப்பைச் செய்யும் முறைக்கு உரிமை பெற்ற பிறகே அந்தச் சாம்பல் வாணிபம் மெல்ல மெல்லச் சரிந்தது.

சவுக்காரத்திலும் அவ்வாறே. ஆலிவ் எண்ணெயில் காய்ச்சிய கட்டிச் சவுக்காரத்தை நாபுலுஸ் நகரமும், அதனோடு 'கார்' மரத்து எண்ணெயைச் சேர்த்ததை ஹலப் நகரமும் உலகுக்கு அளித்தன. 1907இல் நாபுலுஸில் ஏறத்தாழ 30 ஆலைகள் இருந்தன. 2002 ஏப்ரலில் இஸ்ரேலியப் படையெடுப்பின்போது அந்நகரின் பழைய பகுதியிலிருந்த ஆலைகள் சில இடிந்து தரைமட்டமாயின. ஹலபின் ஆலைகள் 2012க்குப் பிந்தைய போரில் சிதைந்தன. 2024இல் யுனெஸ்கோ இவ்விரு கைத்தொழில்களையும் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இனி மார்க்க அறிஞர்களின் பக்கம் வருவோம். உணவுக்குப் பின் உஷ்னான் கொண்டு கை கழுவுவது பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்துக்குப் பின் வந்த வழக்கம் என்றும், சல்லடை, உணவு மேசை, வயிறு நிறைய உண்பது ஆகியவற்றோடு சேர்த்து அதுவும் ஒரு புதுமை என்றும் முற்காலத்தில் பேசப்பட்டதுண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505) தமது 'இஹ்யா'வில் இதை எடுத்து ஆராய்கிறார்கள். புதியதெல்லாம் விலக்கப்பட்டது ஆகாது. கழுவுவதன் நோக்கம் தூய்மை. உஷ்னான் அதை இன்னும் முழுமையாக்குகிறது. முன்னோர் அதைப் பயன்படுத்தாததற்கு, அது கிடைக்காமல் இருந்ததோ அதைவிட முக்கியமான பணிகளில் அவர்கள் ஈடுபட்டிருந்ததோ காரணமாகலாம் என்பது அவர்களின் விளக்கம். எல்லாவற்றிலும் வயிறு நிறைய உண்பதே கடுமையானது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். புதிய பொருள் ஒன்று வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கூடுமா, கூடாதா என்று திகைப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை ஓதிப்பார்க்கலாம்.

காடியைப் பற்றிய ஆய்வு இதைவிட நுட்பமானது. காடியைச் சிறந்த தொடுகறி என்று நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்தது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அது உண்பதற்கு; அசுத்தத்தைப் போக்க அது உதவுமா? இமாம் குதூரி (மறைவு ஹிஜ்ரி 428), காடி, பன்னீர் போன்ற தூய திரவங்களால் நஜீஸை நீக்கலாம் என்று ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பை எழுதுகிறார்கள். இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூசுஃப் இருவரின் கருத்து அது. அவர்களுடைய தோழரான இமாம் முஹம்மதும், இமாம் ஷாஃபிஈயும் தண்ணீரே வேண்டும் என்றனர். காடியால் உளூச் செய்வது கூடாதென்பதில் இவர்களிடையே வேற்றுமை இல்லை. இன்னும் வியப்பானது கண்ணாடி பற்றியது. முகம் பார்க்கும் ஆடியிலோ வாளிலோ நஜீஸ் பட்டால் துடைத்தாலே போதும் என்கிறது அதே நூல். காரணம், அழுக்கு உட்புக அவற்றில் நுண்துளை இல்லை. மேலே இருப்பது துடைத்தால் போய்விடும். அக்காலத்து ஆடிகள் பெரும்பாலும் மெருகிட்ட உலோகத்தாலானவை. ஆறு நூற்றாண்டு கழித்து 'துர்ருல் முக்தார்' ஆசிரியர் (மறைவு ஹிஜ்ரி 1088) நுண்துளையற்ற பொருள்களின் வரிசையில் கண்ணாடியையும் பெயர் சொல்லிச் சேர்த்தார். பொருளின் இயல்பை ஆராய்ந்து சட்டம் சொன்ன இந்தத் திறத்தை நம் மாணவர்கள் வெறும் பாடமாக மனனம் செய்துவிட்டுப் போவது வருத்தத்துக்குரியது.

வெளிப்புறச் சாளரம் என்னும்போது இது ஏட்டளவில் நிற்பதில்லை. அங்கே புறாவும் காகமும் எச்சமிடும். ஹனஃபிகளிடம் புறாவின் எச்சம் தூய்மையானது. ஷாஃபிஈகளிடம் இரண்டுமே நஜீஸ். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். அவர்கள் காடியால் எவ்வளவு பளபளக்கத் துடைத்தாலும், எச்சம் பட்ட இடத்தில் இறுதியில் நல்ல தண்ணீரை ஓடவிட்டே ஆகவேண்டும். பள்ளிவாசல் சாளரங்களைத் துடைப்போர் இதைக் கவனிக்க.

செய்முறை சிறியது. முதலில் வெறுந்தண்ணீரை ஊற்றிப் புழுதியைக் கழுவிவிட வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் துகள் கண்ணாடியைக் கீறும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் படிவது கடலுப்பு. அது தண்ணீரிலேயே கரைந்துவிடும். எண்ணெய்ப்பசை இருந்தால் சவுக்கார நீரால் துடைத்துக் கழுவிவிடுக. அதன் பிறகு, கடையில் கிடைக்கும் வெள்ளைக் காடி ஒரு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து துடைத்து, பழைய செய்தித்தாளால் உலர்த்த வேண்டும். கிணற்று நீர் தெறித்து உறைந்த வெண்கறை சுண்ணாம்பாதலால், காடியின் புளிப்பு அதைக் கரைத்துவிடுகிறது. கறை தடித்திருந்தால் கலப்பற்ற காடியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒட்டிவைக்கலாம். வெயில் கண்ணாடியில் படும் வேளையில் செய்தால் நீர் உடனே உலர்ந்து கோடுகள் நிற்கும். காலையிலோ அஸருக்குப் பின்போ செய்வது நலம்.

சவுக்காரத்தையும் காடியையும் ஒன்றாகக் கலப்பவர் உண்டு. காரமும் புளிப்பும் ஒன்றையொன்று முறித்து, எண்ணெய்த் திரிகளே மிஞ்சும். சோடா உப்போடு கலந்தாலும் நுரை பொங்குமேயன்றிப் பயன் குறையும். வெளுப்புக் காரமான பிளீச்சிங் பவுடரோடு மட்டும் காடியை எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது. அதிலிருந்து எழும் குளோரின் புகை மூச்சை அடைத்து உயிருக்கே தீங்கு விளைவிக்கும். சலவைக்கல் படியிலும் சுண்ணாம்புக்கல் விளிம்பிலும் காடி வழிந்தால் கல் அரிக்கப்படும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுக. யமன் நாட்டு ஸன்ஆவின் பழைய வீடுகளில் 'கமரிய்யா' என்னும் அரைவட்டச் சாளரங்கள் உள்ளன. அவற்றின் வண்ணக் கண்ணாடிகளைத் தாங்கி நிற்பது ஜிப்சக் காரை. அத்தகையவற்றுக்குக் காடி மட்டுமன்றித் தண்ணீரும் அளவோடுதான் படவேண்டும்; ஈரப்படுத்திப் பிழிந்த மெல்லிய துணியே போதுமானது.