ஃபேனி பர்னியின் மார்பக அறுவை சிகிச்சை (1811)

ஃபேனி பர்னி (1752–1840) இங்கிலாந்தைச் சேர்ந்த புதின எழுத்தாளர். 'எவெலினா' (1778) என்னும் புதினத்தால் புகழ் பெற்றவர். 1811 செப்டம்பர் 30 அன்று பாரிசில், அவருடைய வலது மார்பகம் மயக்க மருந்து இன்றி அகற்றப்பட்டது. இதுபற்றி அவர் தம் அக்கா எஸ்தருக்கு எழுதிய கடிதம், அக்கால அறுவை சிகிச்சையை நோயாளியின் பக்கத்திலிருந்து விவரிக்கும் அரிய ஆவணமாகும்.

பின்னணி

பர்னி தம் பிரெஞ்சுக் கணவர் தார்பிளேயைப் பின்தொடர்ந்து 1802-இல் பிரான்சு சென்றார். போர் மூண்டதால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தது. 1810 ஆகஸ்டில் மார்பில் சிறு வலி தொடங்கியது. மருத்துவரிடம் காட்டும்படி கணவர் வற்புறுத்தியும் பர்னி சில மாதங்கள் தயங்கினார். பின்னர் நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே முதலானோர் ஆராய்ந்து, அறுவை சிகிச்சை தேவை என முடிவு செய்தனர்.

ஆயத்தம்

நாளை முன்கூட்டியே சொன்னால் நோயாளி அஞ்சுவார் என்று மருத்துவர்கள் கருதினர். நான்கு மணி நேரம் முன்னதாகத் தெரிவிப்பதாக மட்டுமே பர்னியால் வாக்குறுதி பெற முடிந்தது. அன்று காலை கடிதம் வந்ததும், கணவர் வீட்டில் இல்லாதபடி அவரே ஏற்பாடு செய்தார். மருத்துவர்கள் வரத் தாமதமானது. கட்டுத்துணிகளும் கடற்பஞ்சும் குவிந்திருந்த அறையைக் கண்டபின், இரண்டு மணி நேரம் வெறுமனே காத்திருந்தார்.

அறுவை சிகிச்சை

கறுப்பு உடையில் ஏழு பேர் வந்தனர். வலியைத் தணிக்கக் கிடைத்தது சிறிதளவு மதுக்கலவை மட்டுமே. முகத்தில் போர்த்திய கைக்குட்டை மெல்லியதாக இருந்ததால் கத்தியின் பளபளப்பு தெரிந்தது. மருத்துவர் டுபுவா விரலால் காற்றில் சிலுவையும் வட்டமும் வரைந்து காட்டினார். மார்பகம் முழுவதும் அகற்றப்படும் என்பதைப் பர்னி அந்தச் சைகையிலிருந்தே புரிந்துகொண்டார். கட்டுப் போடுவது வரை எல்லாம் இருபது நிமிடங்களில் முடிந்தது. இடையில் இருமுறை மயங்கினார். முடிவில் லாரேயின் முகமும் வெளிறியிருந்தது.

மீட்சி

உடல் தேறிய பிறகும் மனக்காயம் ஆறவில்லை. பல மாதங்கள் அதைப்பற்றிப் பேசவே அவரால் இயலவில்லை. 1812 மார்ச்சில் தொடங்கிய கடிதத்தை முடிக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவருக்குத் துணிவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மகனுடன் இங்கிலாந்து திரும்பினார். 1814-இல் அடுத்த புதினம் வெளிவந்தது. 87 வயது வரை வாழ்ந்தார்.

முக்கியத்துவம்

அகற்றிய கட்டியை நுண்ணோக்கியால் சோதிக்கும் வழக்கம் அன்று இல்லை. எனவே அது புற்றுநோய்தானா என்பதை இன்று உறுதிப்படுத்த இயலாது. ஈதர் மயக்க மருந்தின் பொதுச் செயல்விளக்கம் 1846-இல், பர்னி இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரே, பாஸ்டனில் நடைபெற்றது.

இக்கடிதம் வேதனையின் பதிவு மட்டுமன்று. தாம் தயங்கிய மாதங்களைப் பர்னி மறைக்காமல் எழுதினார். தம் சகோதரிகளுக்கும் அவர்களுடைய மகள்களுக்கும் இத்தகைய வலி வந்தால் காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. மருத்துவர்கள் அவரிடம் மறைக்க முயன்றதை, அவர் தம் குடும்பத்துப் பெண்களுக்கு வெளிப்படையாகச் சொன்னார்.