சஃபீனா: புலப்படும் சிரையா, புதைந்த சிரையா?

பாதத்தின் மேற்பரப்பில் பெருவிரல் பக்கமாகத் தொடங்கி, உட்கணுவுக்கு முன்னால் ஏறி, முழங்காலின் உட்புறத்தில் சற்றே பின்வாங்கி, தொடையின் வழியாகக் கவட்டியை அடைந்து தொடைச்சிரையோடு கலக்கும் நீண்ட மேற்சிரையை இன்றைய உடற்கூற்றியல் ‘பெரிய சஃபீனஸ் சிரை’ என்று வழங்குகிறது. முழங்காலின் உட்பக்கத்தில், சப்பணமிட்டு அமர உதவும் தையற்காரத் தசையின் நாணுக்கும் அதன் அண்டைத் தசையின் நாணுக்கும் இடையே தோலடிக்கு வந்து, அங்கிருந்து இச்சிரையை ஒட்டியே இறங்கும் உணர்நரம்புக்கும் அதே பெயர்தான். சிரையின் பெயரை நரம்பு கடன் வாங்கியதே ஒழிய நரம்பின் பெயரைச் சிரை வாங்கவில்லை. இவ்விரண்டும் எவ்வளவு நெருக்கமானவை என்பது, சுருண்டு புடைத்த சிரையை உருவி எடுக்கும் அறுவையில் நரம்பும் சேர்ந்து காயப்பட்டு, கணுக்காலின் உட்புறத் தோல் மரத்துப்போகும்போது தெரியவருகிறது. 1967இல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவாலோரோ இச்சிரையின் துண்டைக் கொண்டு இதயத் தமனியின் அடைப்புக்கு மாற்றுவழி அமைத்த பிறகு அதன் புகழ் மருத்துவத்துக்கு வெளியிலும் பரவியது. அதன் பெயர் எம்மொழிக்குரியது, என்ன பொருளுடையது என்பதில் மட்டும் இன்னும் கருத்து ஒருமிக்கவில்லை.

நெடுங்காலமாக வழங்கிவந்த விளக்கம் கிரேக்கம் சார்ந்தது. ‘தெளிவான’, ‘வெளிப்படையான’ என்று பொருள்படும் ‘சஃபேஸ்’ என்ற சொல்லின் அடியாகப் பிறந்ததே சஃபீனா என்றும், தோலுக்கடியில் நீலக்கோடாகத் தெரிவதால் அப்பெயர் வந்தது என்றும் பாடநூல்கள் எழுதின. இவ்விளக்கத்தை மறுத்து, ரோமைச் சேர்ந்த அல்பெர்த்தோ கஜ்ஜாத்தியும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பெர்கனும் 2002இல் ‘ஜர்னல் ஆஃப் வாஸ்குலர் சர்ஜரி’ இதழில் எழுதிய சிறு கட்டுரை, இன்று இப்பெயரைப் பற்றி எழுதுவோர் பலரும் தொடங்கும் இடமாகிவிட்டது. பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் இச்சிரையை இப்பெயரால் அழைக்கவில்லை என்பதும், பெயர் மருத்துவர் இப்ன் சீனா (980–1037) முதலியோரின் நூல்கள் வழியே வந்த ‘அஸ்-ஸாஃபின்’ என்ற அரபுச் சொல்லே என்பதும், அச்சொல்லுக்கு ‘மறைந்தது’ என்பது பொருள் என்பதும் அவர்கள் முடிபுகள். மேற்சிரை என்று பெயர்பெற்றிருந்தும், இது தொடையில் தோலை ஒட்டி ஓடாமல் இரு திசுப்படலங்களுக்கு இடையிலான தனி அறையில் ஓடுவதால் நலமுள்ளவர் தொடையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ‘மறைந்தது’ என்ற பெயர் உடற்கூற்றுக்கே பொருந்துகிறது என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுவது முறையாகாது. மீயொலிப் படத்தில் தொடையின் குறுக்குவெட்டைப் பார்க்கும்போது, மேலும் கீழும் வளைந்த இரு படலங்கள் இமைகளாகவும் நடுவிலுள்ள வட்டச் சிரை கருவிழியாகவும் தோன்றுவதை மருத்துவர்கள் ‘எகிப்தியக் கண்’ என்பர். அந்த இமைகளுக்குள் இருப்பதுதான் சஃபீனஸ் சிரை, இமைகளுக்கு வெளியே தோலை ஒட்டி நெளிந்து புடைப்பவை பெரும்பாலும் அதன் கிளைகள். நோயாளியின் தொடையில் கண்ணுக்குத் தெரிகிற புடைப்பே சஃபீனா என்ற மயக்கத்தைப் போக்கியதில் கஜ்ஜாத்தி போன்றோரின் ஆய்வுக்கு உண்மையான பங்குண்டு. கால் சிரைகளின் பெயர்களைச் சீர்செய்த பன்னாட்டு இணக்க அறிக்கையின் முதன்மை ஆசிரியரும் அவரே என்பதால், அவர் தந்த சொற்பிறப்பும் அதே அதிகாரத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் மீயொலிக் கருவி காட்டும் தொடையும் 11ஆம் நூற்றாண்டு மருத்துவர் தொட்டுப் பார்த்த காலும் ஒன்றல்ல. இக்கட்டுரை கருத்து வேறுபடுவது அந்த இடத்தில்தான்.

இப்ன் சீனா இச்சிரையைப் பற்றிப் பேசுவது உடற்கூற்றை விரித்துரைக்கும் பகுதியில் மட்டுமன்று; ‘கானூன்’ என்னும் தம் மருத்துவப் பெருநூலில், முதல் நூலின் நான்காம் பகுதியில், குருதி வாங்கலுக்குரிய சிரைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவரும் இடத்திலும் அவர் அதைக் குறிப்பிடுகிறார். அங்கு ஸாஃபின் கணுக்காலின் உட்பக்கத்தில் உள்ளது என்று இடம் சுட்டப்படுகிறது. கல்லீரலுக்குக் கீழுள்ள உறுப்புகளிலிருந்து குருதியை வெளியேற்றவும், மேலுள்ள குருதியைக் கீழே திருப்பவும் அது கீறப்படும் என்றும், ஆகவே மாதவிடாயைத் தூண்டவும் மூலத்தின் வாய்களைத் திறக்கவும் உதவும் என்றும் பயன் சொல்லப்படுகிறது. இவற்றுக்கிடையே ஒரு சிறு தொடர் வருகிறது. அதற்குச் சற்று முன்னர் கூறிய, கணுக்காலின் வெளிப்பக்கச் சிரையைவிட ஸாஃபின் ‘அதிகம் வெளிப்படையானது’ என்கிறார் இப்ன் சீனா. அவர் ஆளும் ஒப்பீட்டுச் சொல் ‘அழ்ஹர்’. ‘வெளிப்படு’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து வருவது. ‘மறைந்தது’ என்று பெயரிட்ட சிரையை அதே வாக்கியத்தில் ‘கூடுதலாக வெளிப்படுவது’ என்று ஒருவர் வருணித்திருந்தால், அம்முரணைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லியிருப்பார் என்று எதிர்பார்க்கலாம். இப்ன் சீனா எதுவும் சொல்லவில்லை.

இத்தொடர் ஒப்பீடு மட்டுமே, பெயர் விளக்கமன்று என்று மறுக்கலாம், அம்மறுப்பு நியாயமானதே. ஆயினும் அது இன்னொன்றைக் காட்டுகிறது. கானூனின் அப்பகுதியில் ஸாஃபின் என்பது கவட்டிவரை செல்லும் நெடுஞ்சிரை அன்று. கத்தி படும் ஓர் இடம். உட்கணுவின் முன்விளிம்பில் உள்ள அந்த இடம், உடலிலேயே சிரையை எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய இடங்களுள் ஒன்று. அதிர்ச்சியில் கையின் சிரைகள் சுருங்கிப்போன நோயாளிக்கு நீர்மம் ஏற்ற அறுவையாளர்கள் அவ்விடத்தைத் திறந்ததும் அதனால்தான். தொடையில் மறைந்திருக்கிறது என்பதால் கணுக்காலில் கீறும் சிரைக்கு ‘மறைந்தது’ என்று பெயரிட்டார்கள் என்பது, இன்றைய உடற்கூற்று முழுமையை அன்றைய கைத்தொழிலின்மேல் ஏற்றிப் பார்ப்பதாகும்.

வெளிப்பக்கச் சிரைக்கு அரபு மருத்துவம் இட்ட பெயர் ‘இர்குன்னஸா’. அதை வெட்டியது இடுப்பிலிருந்து கால்வரை இழுத்துப் பிடிக்கும் வலிக்காக. இலத்தீனில் அது ‘சியாட்டிக் சிரை’ ஆயிற்று. அதே பெயர் நோயைக் குறிக்கும் யுனானிச் சொல்லாக இன்றும் வழங்குகிறது; சிரையைக் குறித்த சொல் நரம்பின் வலிக்குப் போய்விட்டது. பைபாஸ் அறுவைக்குப் பின் ‘காலிலிருந்து நரம்பை எடுத்து நெஞ்சில் வைத்தார்கள்’ என்று சொல்லும் தமிழ்ப் பேச்சு வழக்கிலும், சிரைப் புடைப்பை ‘நரம்புச் சுருட்டு’ என்னும் வழக்கிலும் இதே கலப்பு உண்டு. ஆகவே அரபு மருத்துவரை மட்டும் குறைகூற இடமில்லை.

அடுத்த கேள்வி வேர்ச்சொல் பற்றியது. அரபியில் ஸாத், ஃபா, நூன் என்னும் மூவெழுத்து வேருக்கு ‘மறை’ என்பது வழக்கமான பொருளன்று. அதன் நன்கறிந்த பொருள் குதிரைக்குரியது: மூன்று கால்களில் ஊன்றி, நான்காவதன் குளம்பு நுனி மட்டும் தரையைத் தொட நிற்கும் நிலை. குர்ஆனின் 38ஆம் அத்தியாயத்தில், சுலைமானின் முன் நிறுத்தப்படும் உயர்வகைக் குதிரைகளைக் குறிக்க இவ்வேரிலிருந்து பிறந்த சொல்லே வருகிறது. ‘மறை’, ‘ஒளித்துவை’ என்ற பொருள் தெளிவாக உள்ள இடம் எபிரேயம். பாஸ்கா விருந்தில் ஒளித்துவைத்த அப்பத் துண்டை எடுத்து உண்ணும் கட்டத்துக்கு ‘ட்ஸாஃபூன்’ என்றே பெயர். எழுத்துகள் ஒத்திருப்பதால் வேரும் ஒன்றே என்று கொள்வது செமித்திய மொழிகளில் ஆபத்தானது. ஏனெனில் எபிரேயத்தின் ‘ட்ஸாதே’ என்ற ஒரே எழுத்துக்கு அரபியில் மூன்று வெவ்வேறு எழுத்துகள் நேராக வரும். நிலத்தைக் குறிக்கும் எபிரேய ‘எரெட்ஸ்’ அரபியில் ‘அர்ள்’ ஆவது அவ்வாறே. எபிரேயம் கற்ற ஐரோப்பிய அறிஞர் யாரோ எபிரேயப் பொருளை அரபுச் சொல்லுக்கு அளித்திருக்க வேண்டும், பின்வந்தோர் அதை ‘அரபுப் பொருள்’ என்றே எழுதிவிட்டனர் என்பது இங்கு முன்வைக்கும் கருத்து. உடற்கூற்றறிஞர் வெசாலியசின் 1538ஆம் ஆண்டுப் படத்தாள்கள் கிரேக்க, இலத்தீன், எபிரேய, அரபுப் பெயர்களை அருகருகே வைத்தன. அத்தகைய சூழலில் இக்கலப்பு எளிது. ஆயினும் எந்த நூலில், யார் கையால் இது நிகழ்ந்தது என்பதற்கு நேரடிச் சான்று இங்குக் காட்டப்படவில்லை. எனவே இது ஊகமே.

இவ்வூகத்துக்கு எதிரான சான்று ஒன்றும் உண்டு. இப்ன் மன்ழூர் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்து முடித்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதி, ஸாஃபின் என்ற சொல்லுக்குப் பல பொருள்களைத் தருகிறது. இரு கால்களிலும் உள்ள இரு சிரைகள் என்பது அவற்றுள் ஒன்று. முதுகெலும்பின் உட்புறம் நீளவாக்கில் ஓடி இதயத்தோடு இணையும் குழாய் என்பது மற்றொன்று. விலங்கின் முன்னங்காலில் ஓடிக் கீழ்க்காலின் நாணுக்குள் ‘அமிழும்’ சிரை என்பது இன்னொன்று. ‘அமிழும்’ என்ற அவ்வினையைப் பற்றிக்கொண்டு ‘மறைந்தது’ என்ற பொருளுக்கு உயிர் கொடுக்க முடியும். ஆனால் அகராதி அவ்வினையைச் சிரையின் போக்கைச் சொல்லத்தான் ஆள்கிறது. சொல்லின் காரணம் காட்ட ஆளவில்லை. இதைவிட முக்கியமானது, மருத்துவ நூல்களுக்கு வெளியே, குதிரையையும் ஒட்டகத்தையும் அறிந்தோர் மொழியில் இச்சொல் வாழ்ந்திருக்கிறது என்பதாகும். குதிரையின் நிற்கும் நிலைக்கும் அதன் கால்சிரைக்கும் ஒரே வேர் அமைந்தது தற்செயலா, காரணத்தோடா என்பதை இப்பதிவைக்கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. ஆயினும் பெயர் மருத்துவரிடமிருந்து அல்லாமல் விலங்கு வளர்ப்போரிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்ற வாய்ப்பு, ‘வெளிப்படை’, ‘மறைவு’ என்ற இரு பக்கச் சண்டையையும் தாண்டியது.

இதனால் கிரேக்க விளக்கம் மீண்டும் நிலைபெற்றுவிடாது. இப்போக்ரட்டீஸ் தொகுப்பில் உள்ள ‘மனித இயல்பு’ என்ற நூல், இடுப்பிலும் விரைகளிலும் வலி கண்டால் முழங்கால் மடிப்பிலும் கணுக்காலின் உட்புறத்திலும் குருதி வாங்கச் சொல்கிறது. ஆனால் இடத்தைச் சொல்கிறதே தவிர இப்பெயரைச் சொல்வதில்லை. கிரேக்கச் சொல் மொழிபெயர்ப்பு வழியே அரபியில் புகுந்திருக்கலாமே என்ற கேள்வியையும் ஒலியைக் காட்டி முற்றாகத் தள்ளிவிட முடியாது: சீசர் என்ற பெயர் ‘கைஸர்’ ஆனபோது, அயல்மொழியின் மெல்லிய சகரம் அழுத்தி ஒலிக்கும் ஸாத் ஆகவே மாறியது. தள்ளுவதற்குக் காரணம் வேறு: கடன் கொடுத்திருக்க வேண்டிய கிரேக்க மருத்துவ நூல்களில் கடனாகக் கொடுக்க அப்பெயரே இல்லை.

கிரேக்கத் தோற்றம் வந்தது இலத்தீன் எழுத்தினால் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அரபுச் சொல்லின் முன்னொட்டு நீங்கி, ஸாத் சாதாரணச் சகரமாகி, ஃபா என்ற எழுத்துக்குக் கிரேக்கச் சொற்களுக்கே உரிய இரட்டை எழுத்து இடப்பட்டு, சிரை என்ற இலத்தீன் பெண்பாற் சொல்லுக்கு இசைய இறுதியில் ஆகாரம் சேர்ந்ததும் ‘சஃபேனா’ கிரேக்கச் சொல்லாகவே காட்சியளித்தது. இடைக்கால அறுவை நூல்களில் இதற்கு ‘சோஃபேனா’ என்ற மற்றொரு வடிவமும் உண்டு. இவ்வேறுபாட்டை எழுத்தர் பிழை என்று ஒதுக்குவது எளிது. இலத்தீன் கையெழுத்தில் அகரமும் ஒகரமும் மயங்குவது வழக்கமே. ஆயினும் ஸாத் தனக்குப் பின்வரும் ஆகாரத்தைத் தொண்டைப் பக்கமாக இழுத்து ஓகாரச் சாயல் தருவது அரபு உச்சரிப்பின் அறிந்த இயல்பு. ஆகவே அந்த ஓகாரம், நூலைப் பார்த்து எழுதாமல் அரபு பேசுவோர் வாயிலிருந்து கேட்டு எழுதியதன் தடமாகவும் இருக்கலாம். கிரேக்க ‘சஃபேஸ்’ அடிச்சொல்லாக இருந்திருந்தால் ஓகாரம் தோன்ற இத்தகைய காரணம் ஏதும் இல்லை.

அவ்வாறு கேட்டவர் யார் என்பதில்தான் காலக்கணக்கு இடறுகிறது. தொலேதோவில் கானூனை இலத்தீனில் மொழிபெயர்த்த கிரெமோனா ஜெரார்டு 1187இல் இறந்தார். அரபியில் எழுதிய மருத்துவர் அல்-மஜூசியின் பெருநூலை மோந்தே கசினோ மடத்தில் இலத்தீனாக்கிய ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியவர், அரபியைத் தாய்நிலத்திலேயே கேட்டு வளர்ந்தவர். இப்ன் சீனாவை மட்டும் முன்னிறுத்தினால் ஜெரார்டே வாயில் ஆகிறார். ஓகார வடிவத்துக்கு மதிப்பளித்தால் கான்ஸ்டன்டைன் பக்கம் தட்டு சற்றே தாழ்கிறது. அவ்விரு மொழிபெயர்ப்புகளின் மூத்த கையெழுத்துப் படிகளில் எது எவ்வடிவத்தைத் தருகிறது என்று படிபடியாக ஒப்பிட்ட பிறகே இதைத் தீர்க்க முடியும்.