கேட்டவரே சொன்னார்: பேராயர் அசரியாவும் தோர்னக்கல் கிராமங்களும்



‘சீடன்’ என்ற சொல் நமக்குப் புதிதன்று. குருவின் அருகிலேயே இருந்து கற்பவன் சீடன். கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்கியவர்கள், இயேசுவைப் பின்பற்றியவர்களுக்குச் ‘சீஷர்’ என்று அதே சொல்லைத்தான் வைத்தார்கள். மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் கற்றுக்கொள்பவன் என்றே பொருள். ‘சுவிசேஷம்’ என்றால் நற்செய்தி. கற்பது ஒருவர் வேலை, சொல்வது வேறொருவர் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். “நமக்கென்ன தெரியும், படிச்சவங்க பேசட்டும்” என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்த எண்ணத்தை ஒரு தமிழர் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் நடுவே மாற்றிக் காட்டினார். யாரையும் மதம் மாற்ற இதை எழுதவில்லை. எந்த வீட்டுப் பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டிய நம்மவர் வரலாறு இது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில், ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பட்டம் பெறவில்லை. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் செயலாளராகி ஊர் ஊராகச் சுற்றினார்.

1902இல் அவர் யாழ்ப்பாணம் போனபோது ஒரு செய்தி அவரை உலுக்கியது. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள், வெள்ளைக்காரரை எதிர்பார்க்காமல், தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வேதம் கேட்ட திருநெல்வேலி மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பதா? 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பிறரை அனுப்பிவிட்டு அசரியா வீட்டில் இருந்துவிடவில்லை. 1909இல் குருப்பட்டம் ஏற்று, மனைவி மக்களுடன் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்னக்கல்லுக்கே குடிபோனார். தெலுங்கைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். அதாவது, போதிக்கப் போனவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

அங்கே அவர் கண்ட மக்கள் யார்? மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பண்ணைக் கூலிகள். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் கிராமத்தைப் பிடித்த நான்கு பேய்கள் என்றார் அசரியா. கள்ளுக்கடையும் வட்டிக்கடனும் பார்த்து வளர்ந்த நம் தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

அவர் செய்த ஒரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஞானஸ்நானம் பெறுகிறவர், தம் கையைத் தம் தலைமேலேயே வைத்து, நற்செய்தியைச் சொல்லாமல் இருந்தால் எனக்குக் கேடு என்ற கருத்தில் உறுதி கூற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் சொல்ல வேண்டும், நேற்று வந்த இளைஞனும் சொல்ல வேண்டும். சீடனாகும் அதே நாளில் அவன் தூதனும் ஆகிறான். ஆனால் வாய்ப்பேச்சு மட்டும் போதாது என்பதில் அசரியா கண்டிப்பானவர். கிராமத்திலேயே ஓர் ஆசிரியர் குடியிருப்பார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கு ஜெபமும் கற்பனைகளும் பாட்டும். 1935 வாக்கில் அந்தப் பேராயத்தில் சுமார் 250 இந்தியக் குருமாரும், 2,000க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆசிரியர்களின் தொகையைக் கவனியுங்கள்! பின்னர் மற்ற சாதியாரும் சிலர் வந்து சேர்ந்தார்கள். மேடைப் பிரசங்கத்தைவிட, குடியை விட்ட அண்டை வீட்டுக்காரனின் மாற்றமே அவர்களை இழுத்தது.

பேராக்கிலும் பள்ளியும் போதனையும் சேர்ந்தேதான் வந்தன. பாகான் செராயில் பிரெஞ்சுப் பாதிரியார் ஃபே தமிழ்க் கத்தோலிக்கருக்காக அமைத்த குடியேற்றம்தான் சூசைபாளையம். ஈப்போவில் 1895இல் ஹார்லி பாதிரியார் ஆங்கிலோ சைனீஸ் பள்ளியைத் தொடங்கினார். தோட்டங்களிலோ, பெரட்டுக் களத்துக்கும் லயத்துக்கும் நடுவே, பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் பெரியவர்களுக்கு ஊர்க் கடிதமும் எழுதிக் கொடுத்த வாத்தியாரே ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் நடத்திய இடங்கள் உண்டு. அவர் நடத்தையைப் பார்த்துத்தான் அவர் சொன்னதை மக்கள் எடை போட்டார்கள்.

அசரியாவுக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இரு பக்கமிருந்தும் வந்தது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அவர், வெள்ளைக்கார மிஷனரிமார் பணமும் உழைப்பும் தருகிறார்கள், எங்களுக்கு வேண்டியது சமமான நட்பு என்ற பொருளில் பேசினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. 1930களில் காந்தியடிகள், ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாக மதம் மாற்றப்படுவதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஏழையின் வறுமையைப் பயன்படுத்துவது தர்மமா என்பது காந்தியடிகளின் கேள்வி. தன் மதத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் அறிவு அந்த ஏழைக்கு இல்லையா என்பது அசரியாவின் கேள்வி. இரண்டுமே தள்ளிவிட முடியாத கேள்விகள். சோறு காட்டி ஆள் சேர்த்த இடங்களும் உலகில் இருந்தன. தோர்னக்கல்லில் நெடுநாள் கற்பித்த பிறகே ஞானஸ்நானம் என்றிருந்ததை இந்த இடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும்.

அசரியா 1945 ஜனவரி 1ஆம் நாள் தோர்னக்கல்லில் காலமானார். பல ஆண்டுகள் பாடுபட்டு அவர் எழுப்பிய பேராலயம் 1939இல் திறக்கப்பட்டது. இந்துக் கோயிலின் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் கலந்த கட்டடம் அது. தெலுங்கு நாட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.